தக்காளிக் காயைத் துளைக்கும் புழு: தெளிகருவியை எடுக்குமுன் செடியைப் பார்த்தல் வேண்டும்

தக்காளிச் செய்கையில் ஈடுபட்ட கமக்காரரை மிகவும் வருத்துவது, கைக்கெட்டிய விளைவு கண்முன்னே பழுதாவதாகும். நாற்றுமேடையில் விதையிட்டு, கன்று நட்டு, தடி நாட்டிக் கட்டி, நீரும் பசளையும் அளித்து இரண்டு மாதங்களுக்கு மேலாகப் பாடுபட்ட பின்னர், முதற் காய்கள் திரளும் வேளையில் அவற்றிலே வட்டமான துளைகள் தோன்றுகின்றன. துளையின் வாயில் ஈரமான எச்சம் காணப்படுகின்றது. சில நாட்களில் அக்காய் அழுகி விழுகின்றது. துளையைக் கண்ட அன்றே கடைக்கு விரைந்து, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் மருந்தை வாங்கி வந்து, மறுநாட் காலை தோட்டம் முழுவதற்கும் தெளித்து விடுதல் பலரது வழக்கமாகும்.

இவ்வழக்கம் பிழையானது. பூச்சிநாசினி பயனற்றது என்பதன்று இதன் பொருள். அது பிந்தி வந்து சேருகின்றது என்பதே குறை. துளை தெரியும்போது புழு காய்க்குள்ளே இருக்கின்றது. மேலே விழும் மருந்துத் துளி காயின் சதைக்குள் இருக்கும் புழுவை எட்டுவதில்லை. பணமும் உழைப்பும் செலவாகின்றன. புழு தப்பி விடுகின்றது. “பாராத பயிர் கெடும்” என்று முதியோர் சொன்ன வாக்கு இப்புழுவைப் பொறுத்த வரையில் முழு உண்மையாகும். தக்காளியை இப்பீடையினின்றும் காப்பது முதலாவதாகக் கமக்காரரின் கண். இரண்டாவதாக அவரது கை. தெளிகருவி மூன்றாவதாகவே வருதல் தகும்.

பீடையை இனங்காணுதல்

தக்காளிக் காயைத் துளைக்கும் இப்பூச்சி, அறிஞரால் ஹெலிகோவேர்ப்பா ஆர்மிஜெரா என அழைக்கப்படும் ஓர் அந்தாகும். அந்து தடித்த உடலையுடையது; மண்ணிறம் கலந்த மஞ்சள் நிறமானது. முன்சிறகில் அவரை விதை வடிவான கரும்புள்ளி ஒன்று உண்டு. பின்சிறகு வெளிறியது, அதன் ஓரத்திற் கரும்பட்டி காணப்படும். பகலில் இலைகளுக்கிடையே மறைந்திருந்து இரவிலே பறப்பதாலும், நெடுந்தூரம் பறக்கும் வல்லமை பெற்றிருப்பதாலும், அந்தினைக் கமக்காரர் நேரிற் காண்பது அரிது.

பெண் அந்து தன் வாழ்நாளிற் பல நூறு முட்டைகளை, சில வேளைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். ஆனால் அவற்றை ஓரிடத்திற் குவித்து இடுவதில்லை. ஒவ்வொன்றாக, செடியின் மேற்பகுதியிலுள்ள இளம் இலைகளிலும் பூங்கொத்துகளுக்கு அண்மையிலும் இடுகின்றது. முட்டை அரை மில்லிமீற்றர் அளவினது. வெண்மை கலந்த மஞ்சள் நிறமுள்ளது. குண்டூசியின் தலையிலும் சிறியது. ஆயினும் காலை வெயிலில் இலையைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் கூர்ந்த கண்ணுக்கு அது தப்பாது.

புழுவின் நிறத்தை மட்டும் கொண்டு அதனை இனங்காண முயல்வோர் ஏமாறுவர். ஒரே தோட்டத்திற் பச்சை, மஞ்சள், மண்ணிறம், இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களில் இதே புழுவைக் காணலாம். உடலின் இரு பக்கங்களிலும் நீளவாக்கில் ஓடும் வெளிறிய கோடும் கரிய கோடுமே நம்பத்தக்க அடையாளங்களாம். முற்றிய புழு ஏறத்தாழ ஒன்றரை அங்குல நீளமாகும். அது தலையைக் காய்க்குள் நுழைத்து, உடலின் பின்பகுதியை வெளியே விட்டு உண்பதைப் பலரும் கண்டிருப்பர்.

வேறு குறைகளை இப்புழுவின் மேற் சுமத்தலும் உண்டு. காயின் அடிப்பாகம் கறுத்து உள்வாங்கித் தோல்போல் ஆகுமாயின், அது பூச்சியின் செயலன்று. நீர் ஒழுங்காகக் கிடையாமையாலும் கல்சியம் காய்க்குச் சென்று சேராமையாலும் உண்டாகும் அடியழுகலாகும். அதற்குப் பூச்சிநாசினி தெளித்தல் வீண் செலவு. பழத்தை வெட்டியபோது கால்களும் தெளிவான தலையும் அற்ற வெண்ணிறச் சிறு புழுக்கள் பல நெளியுமாயின், அவை பழ ஈயின் புழுக்களாகும். கத்தரிக்காயைத் துளைக்கும் புழுவும் வேறொரு வகையே. அது காய்க்குள்ளேயே நெடுநாள் தங்கி வளர்வது. தக்காளிப் புழுவோ ஒரு காயை முழுவதும் உண்ணாது பாதியில் விட்டு அடுத்த காய்க்குச் செல்வது. ஒரு புழு பல காய்களைக் கெடுப்பது இக்குணத்தினாலேயே ஆகும்.

நாட்கணக்கே வெற்றியின் கணக்கு

தாழ்நிலத்து வெப்பத்தில் முட்டை 3 முதல் 5 நாட்களிற் பொரிக்கும். வெளிவந்த சிறு புழு ஓரிரு நாட்கள் இளம் இலைகளையும் பூ மொட்டுக்களையும் சுரண்டி உண்ணும். பின்னர் காய்க்குள் நுழையும். இரண்டு அல்லது மூன்று வாரங்களில் முற்றி, செடியினின்று இறங்கி, மண்ணிற் சில அங்குல ஆழத்தில் மண்ணிறக் கூட்டுப்புழுவாகும். ஏறத்தாழ இரு வாரங்களின் பின்னர் அதிலிருந்து புதிய அந்து வெளிவரும். நுவரெலியா போன்ற குளிரான மலைப்பகுதிகளில் இக்காலம் நீளும்.

இக்கணக்கைக் கமக்காரர் மனத்திற் பதித்தல் நன்று. முட்டை இடப்பட்ட நாள் தொடக்கம் புழு காய்க்குள் நுழையும் நாள் வரை ஒரு வாரத்திலும் குறைந்த காலமே உண்டு. அக்காலத்திற்றான் பீடை வெளியே, எளிதில் அழிக்கத்தக்க நிலையில் இருக்கின்றது. வாரத்திற்கு ஒரு முறை மட்டும் செடியைப் பார்ப்பவர் அக்காலத்தை முழுவதும் தவறவிடக் கூடும். வாரத்திற்கு இருமுறை பார்ப்பவர் தவறவிடார். முழு நிருவாகமும் இவ்வொரு வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். 1,000 செடிகளுள்ள தோட்டமொன்றில் 20 செடிக்கு ஒரு புழு உண்டு எனக் கொள்ளப்படின், அங்கு 50 புழுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 4 காய்களைக் கெடுத்தால் 200 காய்கள் நட்டமாகும். இந்நட்டத்தைத் தாங்கிக் கொள்ளலாம் எனச் சிலர் எண்ணக் கூடும். ஆனால் அப்புழுக்கள் முற்றி அந்துகளாக விடப்படின், அவற்றுட் பாதியாகிய 25 பெண் அந்துகள் தலைக்கு 500 முட்டை வீதம் 12,500 முட்டைகளை இடலாம். அவற்றுள் நூற்றுக்கு ஒன்றே தப்பினாலும் 125 புழுக்கள் அடுத்த காய்களுக்குக் காத்திருக்கும். தொடக்கத்திற் கையால் எடுத்தகற்றக் கூடிய பீடை, ஐந்து ஆறு வாரங்களில் மருந்துக்கும் அடங்காத பீடையாவது இவ்வாறே.

நஞ்சை மட்டும் நம்பியதன் விளைவு

இடைவிடாது ஒரே வகை நஞ்சைத் தெளித்தால் யாது நிகழும் என்பதற்கு உலகில் இப்புழுவே பெரும் உதாரணமாக விளங்குகின்றது. 1983ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியிலும், 1987ஆம் ஆண்டில் இந்தியாவின் ஆந்திரப் பிரதேசப் பருத்தி நிலங்களிலும், அதுவரை இப்புழுவை எளிதிற் கொன்று வந்த பைரெத்திரொயிட் வகைப் பூச்சிநாசினிகள் பயனற்றுப் போயின. தெளிக்கத் தெளிக்க நஞ்சைத் தாங்கும் புழுக்களே எஞ்சி, அவையே இனம் பெருக்கியமையே இதற்குக் காரணம். ஆந்திராவிற் கடன்பட்டு மருந்து வாங்கிய உழவர்கள் பருத்தியையும் இழந்து கடனையும் சுமந்தனர். மருந்து பலியாதபோது அளவைக் கூட்டுவதும், இரண்டு மூன்று மருந்துகளைத் தம் எண்ணப்படி ஒன்றாகக் கலப்பதும் இந்நிலையை விரைவுபடுத்துவனவேயன்றித் தீர்ப்பனவல்ல.

கமக்காரரின் கூலி பெறாத வேலையாட்களையும் கண்மூடித் தெளிக்கும் நஞ்சு கொல்லுகின்றது. முட்டைக்குள்ளே தன் முட்டையை இடும் மிகச் சிறிய குளவியினம் ஒன்று உண்டு. அக்குளவி தீண்டிய அந்து முட்டை முற்றாகக் கறுத்துவிடும். சிலந்தியும் பொறிவண்டும் முட்டைகளையும் சிறு புழுக்களையும் உண்ணும். மைனாவும் கரிக்குருவியும் பெரிய புழுக்களைப் பொறுக்கும். நோயுற்ற புழுக்கள் சில செடியின் உச்சியில் தலைகீழாகத் தொங்கி, உடல் கரைந்து இறந்து கிடப்பதைக் கமக்காரர் கண்டிருப்பர். அது புழுவுக்கே உரிய வைரசு நோயாகும். மனிதருக்கோ கால்நடைக்கோ தீங்கற்றது. அத்தகைய புழுக்களை அகற்றாது விடுதலே தகும். அவை நோயைப் பிற புழுக்களுக்குப் பரப்பும்.

உண்போரின் நலமும் இங்கு எண்ணத்தக்கது. தக்காளி ஒருமுறையில் அறுவடை செய்து முடிக்கும் பயிரன்று, சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்படுவது, பச்சையாகவும் உண்ணப்படுவது. சிட்டையிற் குறித்த காத்திருப்பு நாட்கள் கழியுமுன் பறித்துச் சந்தைக்கு அனுப்பப்படும் பழம், வாங்குவோரின் வீட்டுக்கு நஞ்சையும் எடுத்துச் செல்கின்றது. அதே பழத்தைக் கமக்காரரின் பிள்ளைகளும் உண்கின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதற்கு மேலும் ஓர் அபாயம் உண்டு. அங்கு செம்மண்ணின் கீழே இருப்பது சுண்ணாம்புக் கற்பாறை. தோட்டத்தில் இடப்படுவன நீருடன் கீழிறங்கி, குடிநீர் தரும் கிணற்றைச் சேரக் கூடும்.

போத்தலை மட்டும் நம்பிய செய்கை உறுதியற்றது என்பதை அண்மைக் காலமும் காட்டியது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைநாசினி ஆகியவற்றின் இறக்குமதி இந்நாட்டில் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. கடையில் மருந்து இல்லாது போகலாம். அதன் விலை இருமடங்காகலாம். செடியைப் பார்த்தறியும் பழக்கத்தை எவரும் தடுத்துவிட முடியாது, அதற்கு விலையுமில்லை.

செய்யத்தக்கவை

முதலாவது, பூக்கத் தொடங்கிய நாள் முதல் வாரத்திற்கு இருமுறை தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தல். ஓரத்துச் செடிகளை மட்டும் பாராது, குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஆங்காங்கே 20 செடிகளையேனும் பார்த்தல் வேண்டும். ஒவ்வொன்றிலும் உச்சிப் பூங்கொத்தும், அதன் கீழுள்ள இளம் இலைகளும், விரலளவு திரண்ட காய்களும் பார்க்கப்பட வேண்டும். கண்ட முட்டைகளையும் புழுக்களையும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்தால், பீடை கூடுகின்றதா குறைகின்றதா என்பது தெளிவாகும். தடி நாட்டி ஒழுங்காகக் கட்டிய செடியிற் பார்த்தல் எளிது. தரையிற் படர்ந்த செடியிற் புழு மறைவது எளிது. அத்தடிகளே பறவைகள் அமரும் இடமுமாகும். தழைச்சத்தை அளவுக்கு மீறி இடுதலும் தகாது. செழித்து மென்மையான இலைகளை அந்து விரும்பி நாடும்.

இரண்டாவது, இனக்கவர்ச்சிப் பொறிகளைத் தொங்கவிடல். ஏக்கருக்கு 4 அல்லது 5 போதியன. இப்பொறி ஆண் அந்துகளை மட்டுமே கவர்வதால், அதனால் மட்டும் பீடை ஒழியும் என எண்ணலாகாது. அதன் பயன் அறிவித்தலே. பொறியில் அந்துகள் திடீரெனக் கூடினால், முட்டைகளைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

மூன்றாவது, துளைபட்ட காய்களைப் பறித்து அழித்தல். இதிற் பலர் இழைக்கும் தவறு, அவற்றை வரப்பிலே எறிந்து விடுதலாகும். எறிந்த காயினின்று புழு வெளியேறி மீண்டும் செடியை நாடும், அன்றேல் அம்மண்ணிலேயே கூட்டுப்புழுவாகும். ஆழமற்ற குழியிற் புதைத்தலும் போதாது. முற்றிய புழுவுக்கு அது வேண்டிய இடத்தையே அளித்தலாகும். காய்களைத் தடித்த பொலித்தீன் பையில் இட்டு வாயை இறுகக் கட்டிச் சில நாட்கள் வெயிலில் வைத்தல் நன்று. மருந்து தெளிக்காத தோட்டமாயின் கோழிகளுக்குப் புழுவையே இரையாக இடலாம்.

நான்காவது, பொறிப்பயிர் நடுதல். சில இடங்களிற் செவ்வந்தி எனவும் சில இடங்களிற் செண்டுப்பூ எனவும் அழைக்கப்படும், மாலை கட்ட உதவும் உயரமான மஞ்சட் பூவினத்தை இவ்வந்து மிக விரும்பி அதில் முட்டையிடும். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவகம் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை இப்பூச்செடி நடுமாறு விதந்துரைத்துள்ளது. தக்காளிக் கன்று 25 நாள் வயதினதாகவும், பூக்கன்று 45 நாள் வயதினதாகவும் ஒரே வேளையில் நடப்படின், இரண்டும் ஒருங்கே பூக்கும். பூவை விற்றுச் சிறு வருவாயும் பெறலாம். ஆயினும் அவ்வரிசையைப் பாராது விடுபவர் பீடைக்கு விருந்து வைத்தவராவர். அங்குள்ள புழுக்களை அழித்தல் இன்றியமையாதது.

ஐந்தாவது, புழு சிறிதாயிருக்கும்போது மென்மையான முறைகளைக் கையாளுதல். உலர்வலயத்தில் வேம்பு இல்லாத ஊர் இல்லை. வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் ஓரிரவு ஊறவிட்டு, துணியால் வடித்து, சிறிது சவர்க்காரம் சேர்த்து மாலையிலே தெளித்தால், முட்டையிடலும் சிறு புழுக்கள் உண்ணுதலும் குறையும். பசிலஸ் துரிஞ்ஜியன்சிஸ் என்னும் பற்றீரியாவைக் கொண்ட பதிவு பெற்ற தயாரிப்புக்களும் சிறு புழுவை நன்கு கொல்லும். இவற்றை வெயில் விரைவிற் கெடுப்பதால் மாலையே தகுந்த வேளை.

இவற்றையெல்லாம் மீறிப் பீடை பெருகுமாயின், பூச்சிநாசினியை நாடுதல் குற்றமாகாது. பெரிய பரப்பிற் செய்கை பண்ணுவோர் கையால் மட்டும் காத்துவிட முடியாது என்பதும் உண்மையே. ஆனால் அது முட்டை பொரிக்கும் நாட்களை அறிந்து, 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட மருந்தாக, சிட்டையிற் கண்ட அளவில், விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையுடன் தெளிக்கப்பட வேண்டும். பறிக்கத்தக்க பழங்களை முதலிற் பறித்துவிட்டுத் தெளித்தல், அடுத்த முறை வேறு பிரிவைச் சேர்ந்த மருந்தைத் தெரிதல், முகமும் கையும் மூடி நிற்றல், காத்திருப்பு நாட்களைக் கடைப்பிடித்தல் ஆகியவை தவறாது பின்பற்றப்பட வேண்டியவை.

நெற்காணியின் உதவி

நெல்லும் மரக்கறியும் மாறி மாறிச் செய்யும் கமக்காரருக்கு இயல்பாகவே ஒரு நன்மை உண்டு. பதுளை மாவட்டத்தின் பல வயல்களில் பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் மரக்கறியும் செய்யப்படுகின்றன. இப்புழுவுக்கு நெல் ஏற்ற உணவன்று. மேலும் வயலை உழுது நீர் கட்டிச் சேறாக்கும்போது, மண்ணில் உறங்கும் கூட்டுப்புழுக்கள் நசுங்கியும் மூழ்கியும் அழிகின்றன. உழவின்போது மேலே வருவனவற்றைப் பறவைகள் உண்கின்றன. மேட்டுத் தோட்டங்களில் நீர் கட்டுதல் இயலாதாயினும், இறுதிப் பறிப்பு முடிந்தவுடன் செடிகளைப் பிடுங்கி நிலத்தைக் கொத்திப் புரட்டிவிடல் இயலும். பறிப்பு முடிந்த தக்காளித் தோட்டத்தை வாரக்கணக்கிற் கவனியாது விடுதல் அடுத்த போகத்துக்கான அந்துகளை வளர்த்தலாகும். தக்காளியின் பின் மிளகாய், சோளம், வெண்டி, பயறு முதலியவற்றைத் தெரிவோர், அவையும் இப்புழுவின் உணவே என்பதை மறத்தலாகாது.

அயலவரும் அதிகாரிகளும்

இரவிற் பறக்கும் அந்துக்கு வேலியும் எல்லையும் இல்லை. ஒருவர் நான்கு பரப்பு நிலத்தை எவ்வளவு கவனமாகக் காத்தாலும், அடுத்த காணியிற் கைவிடப்பட்ட செடிகள் நிற்குமாயின் அவரது உழைப்பிற் பாதி வீணாகும். ஆதலால் ஓர் ஊரிலுள்ள செய்கையாளர் கமக்காரர் அமைப்பின் மூலம் ஒன்றுகூடி, ஏறக்குறைய ஒரே காலத்தில் நடுதல், ஒரே கிழமையிற் பொறி தொங்கவிடல், பழைய செடிகளை ஒருங்கே அகற்றுதல் என முடிவு செய்வாராயின், தனித்தனியே பெறவியலாத பயனைச் சேர்ந்து பெறுவர்.

குறை முழுவதையும் கமக்காரர் மீது சுமத்துதலும் நேர்மையாகாது. சிறு வடுவுள்ள பழத்தையும் சந்தையில் ஒதுக்கிவிடுவதால், அவர் அஞ்சித் தெளிக்கின்றார். இனக்கவர்ச்சிப் பொறியும் உயிரியல் மருந்தும் ஊர்க்கடையிற் கிடையாதபோது, கிடைப்பதையே வாங்குகின்றார். ஆலோசனை கூறுவோர் அலுவலகத்தில் இருந்து கூறாது, பூக்கும் காலத்தில் தோட்டத்திற்கு வந்து, முட்டை எது, சிறு புழு எது என்று செடியிலேயே காட்டுதல் வேண்டும். ஒருமுறை கண்ணாற் கண்ட முட்டையை எக்கமக்காரரும் மறக்கமாட்டார். ஐயம் ஏற்படின் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திற்குப் பழுதான காயை எடுத்துச் சென்று காட்டலாம். 1920 என்னும் விவசாய ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்திலும் வினவலாம்.

செடியைப் பார்க்க நேரமில்லை என்று சிலர் கூறுவர். தெளிகருவியைக் கழுவி, நீர் நிரப்பி, முதுகிற் சுமந்து தோட்டம் முழுவதும் தெளிக்கும் நேரத்திற் சிறு பங்கே சுற்றிப் பார்த்தலுக்குப் போதுமானது. அதிலும், வேண்டாத ஒரு தெளிப்பைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் மருந்தின் விலை கமக்காரரின் மடியிலேயே தங்குகின்றது. பூத்த நாள் முதல் பறிப்பு முடியும் நாள் வரை, வாரத்திற்கு இரண்டு காலைகளைச் செடிக்கு ஒதுக்கும் கமக்காரர், புழு காய்க்குள் நுழையுமுன் அதனைச் சந்திப்பார். அவரது தக்காளி சந்தைக்கும் நன்று. அவர் வீட்டுச் சமையலுக்கும் நன்று.